நூற்று முப்பத்தெட்டாவது கேக்

மார்லிஸ் ஹௌகன் ஒரே கம்பெனியில், ஒரே மேசையில், ஒரே ஜன்னலைப் பார்த்தபடி முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இருந்தது ஏரியும் இல்லை, தோப்பும் இல்லை. கார் நிறுத்தும் இடம். இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். பாவமாவது ஒன்றாவது. எங்கள் ஊர் நார்த் ஃபோர்க்கில் அவளைப்போல வாய்விட்டுச் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அதே முப்பத்தோரு வருஷத்தில் ஒன்பது இடம் மாறியவள் நான். எனக்குத்தான் பாதி நாள் முகம் கடுகடுவென்று இருந்தது.

நான் வெர்னா. மார்லிஸும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. 1983 ஜூன் மாதம் ஒரே நாளில், ஒரே வாசல் வழியாக ஓம்டால் ஷவல் கம்பெனிக்குள் நுழைந்தோம். பனி அள்ளுகிற ஷவல்தான் அங்கே செய்வார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் பனி பெய்வது நிற்கப் போவதில்லை, அதனால் இந்த வேலைக்கு எந்தக் காலத்திலும் ஆபத்தில்லை என்று எங்கள் இருவருடைய அப்பாக்களும் சொன்னார்கள். மார்லிஸுக்கு ஃபோனில் ஆர்டர் எடுக்கிற மேசை. எனக்குப் பக்கத்து மேசையில் பில் போடுகிற வேலை. ஹார்டுவேர் கடைக்காரர்கள் கூப்பிட்டால், "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே எந்த ஊர், எந்தக் கடை, போன வாரம் அவருக்கு எந்தப் பல் வலித்தது என்பதுவரை மார்லிஸ் சொல்லிவிடுவாள்.

எனக்கு அப்படி வராது. ஓர் இடத்தில் மூன்று வருஷம் ஆனால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். 1986-இல் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். மார்லிஸுக்கு அசாத்தியக் கோபம். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரம் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள் மத்தியானம் மட்டும் ஒரு பெரிய செவ்வகக் கேக்கைக் கொண்டுவந்து என் மேசையில் தொப்பென்று வைத்தாள். வெள்ளைக் கிரீமின் மேல் நீலக் கிரீமால் இரண்டே சொல் எழுதியிருந்தது: "போய்த் தொலை."

அந்த நேரம் பார்த்து முதலாளி பெரிய ஓம்டால் அந்தப் பக்கம் வந்தார். கேக்கைப் படித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கிரீம் அதிகமாக இருந்த ஓரத் துண்டை வெட்டித் தின்றுவிட்டு, "மார்லிஸ், இனிமே யாரு போனாலும் இப்படி ஒண்ணு வாங்கிடும்மா" என்றார். மார்லிஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் சண்டை அத்தோடு தீர்ந்தது. அந்தக் கம்பெனியில் கேக் வழக்கம் பிறந்ததும் அப்போதுதான்.

அந்த வழக்கத்தில் மார்லிஸ் பாரபட்சமே காட்டவில்லை. நாற்பது வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெறுகிறவருக்கும் கேக், நாலே நாள் இருந்துவிட்டு ஓடுகிறவனுக்கும் கேக். பெரிய அட்டைப்பெட்டிக்குள் படுத்துத் தூங்கியதற்காக வேலையை இழந்த ஒருவனுக்கும் கேக் வைத்தாள். "அவனை அனுப்பறாங்கடி, அவனுக்கு எதுக்கு?" என்று நான் கேட்டேன். "அனுப்பினாலும் அவனும் போறவன்தானே?" என்றாள். அந்தக் கேக்கில் "நல்லா தூங்கு" என்று எழுதச் சொல்லியிருந்தாள். அவன் பாதியை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

கேக்கோடு ஒரு வாழ்த்து அட்டையும் உண்டு. அட்டையை ஒரு பழுப்பு ஃபைலுக்குள் வைத்து, மேலே எல்லாருடைய பெயர்ப் பட்டியலையும் குத்திவிடுவாள். ஃபைல் கைக்கு வந்தால் அட்டையில் நாலு வரி எழுத வேண்டும், பட்டியலில் உங்கள் பெயரை அடிக்க வேண்டும், அடுத்த பெயருக்குரியவரிடம் கொடுக்க வேண்டும். போகிறவர் கண்ணில் மட்டும் படக் கூடாது. எல்லாக் கேக்கையும் ஒரு சின்ன நோட்டில் எண் போட்டு எழுதி வைத்தாள். முதல் எண்ணுக்கு நேராக என் பெயர்.

இருக்கிறவர்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அதற்குக் கம்பெனியே ஏற்பாடு செய்திருந்தது. ஐந்து வருஷம் ஆனால் சட்டையில் குத்திக்கொள்ள ஷவல் வடிவத்தில் ஒரு பித்தளைப் பின், கட்டைவிரல் நகம் அளவு. பத்துக்கு இன்னொன்று, பதினைந்துக்கு இன்னொன்று. இருபத்தைந்துக்கு நிஜமான ஷவலே தருவார்கள், பளபளவென்று முலாம் பூசி, பெயர் பொறித்து. மார்லிஸ் அதை வாங்கிய அன்று நான் விடவில்லை.

"இருபத்தஞ்சு வருஷம் ஷவல் வித்தவளுக்குப் பரிசு என்ன? ஷவல்! வேற எதுவும் தோணலையாமா அவங்களுக்கு?"

"நீ மூணு வருஷத்துல ஓடினியே, உனக்கு என்ன கெடச்சுது?"

"சுதந்திரம்."

"அதை வெச்சு வாசல் பனியை அள்ள முடியுமா?"

அந்த வருஷம் என் வாசல் பனியை அந்த முலாம் பூசிய ஷவலால் அள்ளிக் கொடுத்தவளும் அவள்தான். எந்த இடத்திலும் ஐந்து வருஷப் பின் வாங்குகிற அளவுக்கு நான் தங்கியதில்லை. பல் டாக்டர், படகுக் கடை, வான்கோழிப் பண்ணை, பௌலிங் கூடம், பள்ளிப் பேருந்து ஆபீஸ், ஏரிக்கரை விடுதி, பூக்கடை, கடைசியாகக் கால்நடை மருத்துவமனை. ஒவ்வொன்றையும் நான் ரசித்துத்தான் செய்தேன், ரசித்துத்தான் விட்டேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

இப்படி அவள் இருப்பதும் நான் போவதுமாகவே வயசாகியிருக்கும். ஆனால் மார்லிஸுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். அவள் வளர்ந்த பண்ணை ஊரிலிருந்து எட்டு மைல் தள்ளி இருந்தது. ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் மாவட்ட நூலகத்தின் புத்தக வண்டி அங்கே வரும். ஆறு வயது மார்லிஸை டிரைவர் தன் இருக்கையில் தூக்கி உட்கார வைத்து ஹாரனை அடிக்க விட்டாராம். அந்த வண்டியை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பார்க்கச் சின்னதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது ஐம்பது வயதிலும் அவள் கை தன்னாலே ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்.

வண்டிக்கு டிரைவர் தேவை என்று 1994-இல் ஒரு விளம்பரம் வந்தது. அதே வாரம் பெரிய ஓம்டாலுக்கு இதய அறுவை சிகிச்சை. "இந்த நேரத்துல நான் எப்படிடி போறது?" என்றாள். 2003-இல் மறுபடி வந்தது. அந்த வருஷம் பனி கொட்டித் தீர்த்தது, ஷவல் கேட்டு ஃபோன் அலறிக்கொண்டே இருந்தது. அவள் விண்ணப்பத்தை எழுதி முடித்தபோது கடைசித் தேதி போய்விட்டிருந்தது. இரண்டு தடவையும் நான் அவளைக் கிழி கிழியென்று கிழித்தேன். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது தடவை 2014 மார்ச்சில் வந்தது. விளம்பரத்தை வெட்டி எடுத்து, விண்ணப்பத்தையும் நானே நிரப்பிக்கொண்டு ஏரிக்கரை ஓட்டலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு அங்கே ஊரே கூடும். தட்டில் இருந்த முட்டைக்கோஸ் சாலட்டை ஒதுக்கிவிட்டு அவள் முன்னால் காகிதத்தை வைத்தேன்.

"இப்போ கையெழுத்துப் போடு. நான் தபால்ல போடறேன்."

"ஏன்டி, மீனாவது தின்னவிடு."

"நீ மீன் தின்னு முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தன் வண்டியை ஓட்டிட்டுப் போயிடுவான். உனக்கு அம்பத்திமூணு. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது உன்னைப் புத்தகத்தோட சேர்த்து அலமாரியில அடுக்கிடுவாங்க."

அவள் சிரித்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மூன்று வாரம் கழித்து, கண்காட்சி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நான் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அத்தனை நீள வண்டியை ஒரு கூம்பையும் தொடாமல் பின்பக்கமாகவே கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு ஹாரனை அடித்தாள் பாருங்கள், பரீட்சை வைத்த அம்மா கையிலிருந்த காகிதங்களைக் கீழே போட்டுவிட்டாள். வேலை மார்லிஸுக்குத்தான்.

திங்கட்கிழமை அவள் கோர்டியிடம் சொன்னாள். கோர்டி பெரிய ஓம்டாலின் மகன், அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை நடத்துகிறவன். "சரி" என்றானாம். பட்டறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றானாம். அப்புறம் எனக்கு ஃபோன் செய்தான்.

"வெர்னா, மார்லிஸ் போறாங்க."

"தெரியும்."

"யாராவது போனா கேக் ஏற்பாடு பண்றது யாரு?"

"மார்லிஸ்."

"அதான் கேக்கறேன். இப்போ யாரு?"

இருபத்தெட்டு வருஷத்தில் நூற்று முப்பத்தேழு பேரை வழியனுப்பிய கம்பெனியில், வழியனுப்பத் தெரிந்த ஆள் வேறு ஒருவருமில்லை. "நீங்கதான் எட்டு இடத்தை விட்டுப் போனவங்க. போறதைப்பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்றான் கோர்டி. புகழ்ந்தானா குத்தினானா தெரியவில்லை. சரியென்று ஒப்புக்கொண்டேன்.

அட்டை வாங்கினேன். மார்லிஸின் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு ஃபைலையும் அவள் வழக்கமாகக் குத்துகிற பெயர்ப் பட்டியலையும் கோர்டி ரகசியமாக எடுத்து வந்து கொடுத்தான். பட்டியலை ஃபைல்மேல் குத்தி, அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் லைலிடம் கொடுத்தேன். லைல் பட்டறையில் அச்சு மெஷினுக்குப் பொறுப்பானவன். "மார்லிஸ் கண்ணுல படாம பாத்துக்க" என்று இரண்டு தடவை சொன்னேன். அவனும் தலையாட்டினான். நான் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது தட்டு மீன் வாங்கித் தின்றேன்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் மார்லிஸ். கையில் அந்தப் பழுப்பு ஃபைல். முகம் வெளுத்திருந்தது.

"நான் போகலடி. நாளைக்குக் காலைல கோர்டிகிட்ட சொல்லிடப்போறேன்."

"முதல்ல உள்ள வா. இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"என் மேசைத் தட்டுல இருந்துச்சு."

நான் பட்டியலைப் பார்த்தேன். பதினாறு பெயர்கள் ஒழுங்காக அடிக்கப்பட்டிருந்தன. பதினேழாவது பெயர் மார்லிஸ் ஹௌகன். அவளே தயாரித்த பட்டியல், அவளும் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடுகிறவள், அவள் பெயர் இல்லாமல் இருக்குமா? அதை அடிக்க எனக்குத் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். சரி, நான்தான் முட்டாள், பதினாறாவது ஆளுக்குமா கண் அவிந்துவிட்டது? அது சரக்கு அனுப்புகிற பிரிவில் இருக்கும் ஆர்லன். உடனே ஃபோன் போட்டேன்.

"ஆர்லன், கார்டை மார்லிஸ்கிட்டயா கொடுத்த?"

"பட்டியல்ல அடுத்த பேரு அதுதானே?"

"அது அவளுக்குப் போட்ட கார்டுடா!"

"தெரியும். அதான் கவுத்து வெச்சேன்."

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். பட்டியலில் இருந்தால் பட்டியல்படிதான். வானமே இடிந்து விழுந்தாலும் ஒரு பெயரைத் தாண்டிப் போகமாட்டார்கள். நான் ஃபோனை வைத்துவிட்டு அட்டையைப் பிரித்தேன்.

வாழ்த்து ஒன்றுகூட இல்லை. "நன்றி" இல்லை, "நல்லா இருங்க" இல்லை. எல்லாம் கேள்விகள். "லேபல் சுருள் எந்த அலமாரியில் இருக்கு? லைல்." "டுலூத் ஊர்க் கடைக்காரர் கோபமா கூப்பிட்டா என்ன சொல்லணும்? ஆர்லன்." "காப்பி மெஷினை எந்தப் பக்கம் தட்டணும்? மாய் வாங்." மாய், பெயின்ட் பிரிவில் இருப்பவள். நடுவில் கோர்டியின் கோணல் எழுத்து: "சாவி எங்கே?" ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் மார்லிஸ் சிவப்புப் பேனாவால் பதில் எழுதியிருந்தாள். இடது பக்கம், இரண்டாவது தட்டு. முதலில் அவர் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேள். வலது பக்கம், முழங்கையால். கோர்டிக்கு மட்டும், எந்தச் சாவியைக் கேட்கிறான் என்று தெரியாததால், பதினொரு சாவிகளையும் வரிசையாக எழுதியிருந்தாள்.

"பாத்தியா? ஒண்ணுமே தெரியல இவங்களுக்கு. லேபல் சுருள்கூடத் தெரியல. இவங்களை விட்டுட்டு நான் ஊர் ஊரா ஹாரன் அடிச்சுட்டுப் போகணுமா?" மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர். மூன்றாவது தடவையும் அந்த வண்டி அவளை விட்டுவிட்டுப் போகப் போகிறது என்று எனக்குப் பகீரென்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பதினாறு பேரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டியிருப்பேன். அதற்கு முன்னால் லைலின் வரியை இன்னொரு தடவை படித்தேன். ஏதோ இடித்தது.

"மார்லிஸ், திங்கட்கிழமை திங்கட்கிழமை லேபல் சுருளை மாத்தறது யாரு?"

"லைல்."

"எத்தனை வருஷமா?"

"அவன் வந்ததுலேர்ந்து. இருபத்தாறு வருஷம் இருக்கும்."

"அப்போ அது எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா?"

நான் விடவில்லை.

"போன வருஷம் அந்தக் காப்பி மெஷினைக் கழட்டிப் போட்டு சரி பண்ணினது யாரு?"

"மாய்."

"கோர்டி சாவிக்கொத்தை எங்க வெச்சிருக்கான்?"

"இடுப்புல. மாட்டுக்குக் கட்டின மணி மாதிரி, அவன் வர்றதே அந்தச் சத்தத்துலதான் தெரியும்."

மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் யாரும் மனசில் இருப்பதை வாயால் சொல்வதில்லை. சொன்னால் கூச்சத்தில் செத்துப்போவார்கள். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மாவை அருகில் கூப்பிட்டு, காரில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா வெளியே வந்து, "கேட்டியா வெர்னா, உங்கப்பா எப்படிக் கேட்டாருன்னு கேட்டியா?" என்று சந்தோஷத்தில் அழுதாள். லேபல் சுருள் எங்கே என்று லைல் கேட்டால் அதற்கும் அதுதான் அர்த்தம். நீ போனால் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பதினாறு பேரும் எழுதியிருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் அவர்களோடு இருந்தவளே அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதிவிட்டாள்.

"அப்போ அவங்களுக்கு எல்லாம் தெரியுமா?" என்றாள் மார்லிஸ்.

"எல்லாம் தெரியும்."

"நான் இல்லாமலே நடக்குமா?"

"ஜோரா நடக்கும்."

ஒரு நிமிஷம் அவள் முகம் விழுந்துபோனது. எனக்கே சங்கடமாக இருந்தது. அப்புறம் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தோரு வருஷமா அந்தக் கட்டடத்தை நான் ஒருத்தியே தாங்கிட்டிருக்கேன்னு நெனச்சேன்டி! எழுந்திரிச்சா கூரை விழுந்துடும்னு பாத்ரூமுக்குக்கூட ஓடிப்போய் ஓடிவருவேன்!"

இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஃபோன்? அதை யாரு எடுப்பா? அது மட்டும் நிஜமாவே யாருக்கும் தெரியாது" என்றாள். அது உண்மைதான்.

"நான் எடுக்கறேன்" என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்த அட்டையைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது, அதுதான் காரணம். எட்டு இடத்தை விட்டு வந்திருக்கிறேன். கேக் கொடுத்திருக்கிறார்கள், பூங்கொத்து கொடுத்திருக்கிறார்கள், ஓர் இடத்தில் பாதி காலியான டோனட் பெட்டி கொடுத்தார்கள். லேபல் சுருள் எங்கே என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

"நீயா? சர்ச்சுல பாதிப் பிரசங்கத்துல இடம் மாறி உக்கார்றவ நீ!"

"அந்த இடத்துல வெயில் அடிச்சுதுடி."

"அந்த மேசையிலயும் மத்தியானம் வெயில் அடிக்கும்."

"திரை போட்டுக்கறேன். நீ முதல்ல போய்த் தொலை."

அவள் என்னை முறைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தாள். கோர்டிக்கு எழுதிய பதினொரு சாவிகளையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் கீழ் எழுதினாள்: "உன் இடுப்பில்தான் இருக்கிறது, கோர்டி. உங்களை விட்டுப் போக எனக்கும் அப்படித்தான்." அதோடு நிறுத்தினாளா? பட்டியலில் தன் பெயரை ஒழுங்காக அடித்தாள். மறுநாள் காலையில் ஃபைலைப் பதினெட்டாவது பெயருக்குரிய நடீனின் மேசையில் கொண்டுபோய், கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறையில் எல்லாரும் கூடினார்கள். மார்லிஸ் உள்ளே வந்து நெஞ்சில் கை வைத்து, "அடடா, எனக்கா? நான் எதிர்பாக்கவே இல்லையே!" என்றாள். அட்டை முழுக்கச் சிவப்பு மசியில் அவள் எழுத்து. நடீனிலிருந்து கடைசி ஆள்வரை எல்லாரும் அதைப் பார்த்தவர்கள். ஒருவராவது மூச்சு விட வேண்டுமே? "அவங்களுக்குத் தெரியாம வெச்சிருந்தோம்ல" என்று ஆர்லன் பெருமையாகச் சொன்னான். கோர்டி அந்த அட்டையைக் கொடுக்கும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டான், இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதுவே எங்கள் ஊருக்கு மிக நீளமான பிரசங்கம்.

அப்புறம் நான் கேக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் தொப்பென்று வைத்தேன். வெள்ளைக் கிரீமின் மேல் நீலக் கிரீம். "போய்த் தொலை." அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என்னைக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதாள். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் செய்யக் கூடாது. ஆளுக்கொரு பக்கம் கூரையைப் பார்த்தார்கள். பிறகு அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, நூற்று முப்பத்தெட்டு என்று போட்டுத் தன் பெயரைத் தானே எழுதினாள். நோட்டை என் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் மாதம் டுலூத் கடைக்காரர் என்னிடம் பேசவே மறுத்தார். அவர் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அதன்பிறகு அவரைப் பேச்சை நிறுத்த வைப்பதுதான் பெரும்பாடு. வியாழக்கிழமைகளில் மத்தியானம் அந்த நீளமான புத்தக வண்டி ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வந்து நிற்கும். ஹாரன் அடிக்கும். லைல் துப்பறியும் கதையும், மாய் சமையல் புத்தகமும் வாங்க ஓடுவார்கள். மார்லிஸ் டிரைவர் இருக்கையிலிருந்து என் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள். டிரைவர் ஜன்னல் பக்க வெயிலில் அவள் இடதுகை மட்டும் கருத்துப்போயிருந்தது. அவளுக்குப் பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது, எனக்குப் பொறாமையாகவும் பெருமையாகவும் இருந்தது.

மூன்று வருஷம் ஆனபோது உள்ளங்கால் அரித்தது. சொறிந்துகொண்டேன். நாலு ஆனது. 2019-இல் ஒரு வியாழக்கிழமை காலை கோர்டி என் மேசைக்கு வந்து, ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டு, "டிரக் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். டிரக் அவன் கண்ணெதிரேதான் நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பித்தளை ஷவல். ஐம்பத்தெட்டு வயதில் என் முதல் பின். உடனே சட்டையில் குத்திக்கொண்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒன்பது இடத்துப் பூங்கொத்தும் சேர்ந்து எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

மத்தியானம் ஹாரன் கேட்டது. மார்லிஸ் வண்டியிலிருந்து இறங்கி, கையில் ஒரு பெரிய பெட்டியோடு நேராக உள்ளே வந்தாள். என் மேசையில் தொப்பென்று வைத்துத் திறந்தாள். வெள்ளைக் கிரீமின் மேல் நீல எழுத்து: "இன்னும் போகலையா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். "இது எத்தனாவதுன்னு போடறது?" என்றேன்.

"போறவங்களுக்குத்தான் நம்பர். இருக்கறவங்களுக்கு ஏதுடி நம்பர்? சாப்பிடு."

ஓரத் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், மார்லிஸின் கை தன்னாலே அதை எடுக்க நீண்டது. வாய் நிறையக் கேக்கோடு நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அது என் ஃபோன்.